சாட்சியைக் கேட்டவர் தீர்ப்பும் வழங்குக!

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. மாணவரும் ஆசிரியரும் அயலூர் மக்களும் ஆண்டுக்கொரு நூலைத் தெரிந்தெடுத்து ஒருங்கே படிக்கின்றனர். பின்னர் நூலாசிரியரையே அழைத்து உரையாடுகின்றனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகம் 2021ஆம் ஆண்டில் தெரிந்தெடுத்த நூல், ரொமி ஒரேஞ் எழுதிய ‘தெயர் தெயர்’ என்னும் நாவலாகும்.

ஒரேஞ், ஷயென் அரப்பஹோ ஆதிக்குடிகளைச் சேர்ந்தவர். ஒக்லண்ட் நகரிற் பிறந்தவர். 2018இல் வெளிவந்த அந்நாவல், அந்நகரில் நடைபெறும் ஆதிக்குடிப் பெருவிழாவொன்றை நோக்கி வரும் பன்னிருவரின் கதை. ஆதிக்குடி என்றால் இறகணிந்து குதிரையேறிய பழங்கால மனிதன் என்று எண்ணியிருந்தோர்க்கு, தம் நகரத்திலேயே, அடுத்த தெருவிலேயே வாழும் மனிதரை அது காட்டிற்று. இந்நூலைப் பலரும் படிக்கச் செய்தமைக்காக அப்பல்கலைக்கழகத்தைப் பாராட்டுகின்றோம்.

ஆயினும் பாராட்டோடு நின்றுவிட எம்மால் இயலவில்லை. அவ்வளாகம் நிற்கும் மண் யாருடையது?

அது ஊய்ப்பி என்னும் ஆதிக்குடியின் மண். அயலிலுள்ள ஸ்பானிய மிஷன்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இன்று அமா முட்சன் என்னும் பெயரால் ஒன்றுகூடி வாழ்கின்றனர். அமெரிக்க மத்திய அரசோ அவர்களை ஒரு குடியாக அங்கீகரிக்கவில்லை. 1851, 1852ஆம் ஆண்டுகளில் கலிபோர்னிய ஆதிக்குடிகளோடு பதினெட்டு உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின. செனற் சபை அவற்றை ஏற்க மறுத்தது. மறுத்ததோடமையாது, 1905 வரை அவற்றை இரகசியமாகவும் பூட்டிவைத்தது. உடன்படிக்கை என்ற சொல்லின் எடையை எமது வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்னுமொன்று. விவசாயத்தையும் தொழிற்கலையையும் கற்பிக்கும் கல்லூரிகளை வளர்க்கவென 1862இல் மொரில் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஏறத்தாழ 250 ஆதிக்குடிகளின் காணிகள், ஏறக்குறைய 107 இலட்சம் ஏக்கர், 52 கல்விநிலையங்களுக்கு முதலாயின என்று 2020இல் வெளியான பத்திரிகை ஆய்வொன்று கணக்கிட்டது. கலிபோர்னியாவின் பங்கு ஒன்றரை இலட்சம் ஏக்கர். கல்வி வளர்க்கும் நோக்கத்தைக் கமக்காரர் எவரும் குறைகூறார். ஆனால், பிறன் களஞ்சியத்து விதைநெல்லை எடுத்து விதைத்தவன், விளைச்சலில் அவனுக்குப் பங்கில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

“அன்று செய்தவர்கள் மாண்டனர், இன்றைய மாணவர் செய்த குற்றம் யாது?” என்று கேட்பாருளர். நேர்மையான கேள்வியே. குற்றம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவதில்லை. சட்டமும் அறமும் அதில் ஒன்றுபடுகின்றன. ஆனால் சொத்து இறங்குகின்றது. சொத்து இறங்கும்போது அதன்மேலுள்ள கடனும் கூடவே இறங்குகின்றது. பல்கலைக்கழகமோ சட்டத்தின் கண்ணில் மாளாத ஆள். அதன் கடனும் மாள்வதில்லை.

அக்கடனிற் சிறு பகுதி தீர்க்கப்படாமலுமில்லை. கலிபோர்னியாவில் வசிக்கும், அங்கீகாரம் பெற்ற ஆதிக்குடிகளைச் சேர்ந்த மாணவர்க்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று அப்பல்கலைக்கழகம் 2022இல் அறிவித்தது. வரவேற்கின்றோம். ஆனால் அங்கீகாரம் பெறாத குடிகளின் பிள்ளைகள் வாயிலுக்கு வெளியே நின்றனர். அவர்களின் படிப்புக்கென 25 இலட்சம் டொலர் வழங்க முன்வந்தது யார்? கிரேற்றன் ரஞ்செரியா என்னும் மற்றோர் ஆதிக்குடி! காணியை இழந்தவனே இழந்தவனுக்கு ஈடு கொடுக்கும் விந்தையை வேறெங்குக் காண்போம்?

நாவலாசிரியரின் வருகை ஒரு சாட்சியின் வருகையாகும். சாட்சியைக் கூண்டிலேற்றி, அவர் சொல்வதை உருக்கத்தோடு கேட்டு, கைதட்டி அனுப்பிவிட்டுத் தீர்ப்புரைக்காது எழுந்துசெல்லும் மன்றத்தை நாம் நீதிமன்றம் என்போமா? அவ்வண்ணமே, நூலைப் படித்துவிட்டுக் காணிக் கணக்கைத் திறவாத கழகத்தைக் கற்றறிந்தோர் அவை என்பதும் அரிது.

எனவே, ஆதிக்குடி எழுத்தாளரை அழைக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இரண்டு கருமங்களைச் செய்தல் வேண்டும். தான் பெற்ற காணி எது, அதனாற் பெற்ற பணம் எவ்வளவு என்பதை ஊரறிய வெளியிடுக. அம்மண்ணுக்குரிய மக்களின் பிள்ளைகளுக்கு, அரசின் அங்கீகாரம் இருப்பினும் இல்லாவிடினும், கல்வியின் கதவைத் திறந்துவிடுக.

மேடையில் ஓர் ஆசனம் அளிப்பது மரியாதை. வகுப்பறையில் உரிமையோடு ஓர் ஆசனம் அளிப்பதே நீதி.