நீங்கள் கேட்டவை: பைக் பிரேக் தேய்ந்ததை நாமே கண்டுபிடிக்க முடியுமா?

‘‘2012-ம் ஆண்டு வாங்கிய பைக் வைத்திருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். உர மூட்டை, புல்லுக்கட்டு எல்லாம் அதில்தான் வருகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதில்தான். ஒரு மாதமாக முன் பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம். ஒரு மெக்கானிக் ‘பேட் மாத்தணும்’ என்கிறார். இன்னொருவர் ‘இன்னும் ஓட்டலாம்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?’’

- வாசகர் ஒருவர், மண்டபத்தூர், காரைக்கால்.

‘‘இருவரையும் கேட்பதற்கு முன், நீங்களே பார்த்துவிடலாம். ஒரு டார்ச் லைட் போதும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் காலிப்பருக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் இரும்புத் தகட்டில் ஒட்டிய பேட் தெரியும். தகட்டை விட்டுவிட்டு, ஒட்டியிருக்கும் பகுதியின் கனத்தை மட்டும் பாருங்கள். 2 மி.மீ-க்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டும். பல பேட்களில் நடுவே ஒரு கோடு பள்ளமாக இருக்கும். அது அழிந்துவிட்டாலும் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

பேட்டில் கனம் இருந்தும் சத்தம் வந்தால், சேறோ மணலோ உள்ளே இருக்கலாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் காலிப்பர் பின்கள் துருப்பிடித்து இறுகிவிடும். முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசினால் பரவாயில்லை. சுற்றவே கனமாக இருந்தால், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பேட் மாற்றும்போது அருகில் நின்று மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பேட்டைக் கழற்றிய பிறகு யாரும் பிரேக் லீவரை அழுத்தக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும். புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, மேலே உள்ள டப்பாவில் ஆயில் பொங்கலாம். அது பெயின்ட்டை அரித்துவிடும். மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே லீவர் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்த வேண்டும். இதை மறந்து கிளம்பினால் முதல் திருப்பத்திலேயே பிரேக் இருக்காது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. அதனால், 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பின் டிரம்மில் பார்ப்பது இன்னும் சுலபம். டிரம் மூடியில் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். பெடலை முழுதாக மிதிக்கும்போது அம்பு அங்குள்ள கோட்டை எட்டினால் ஷூ தேய்ந்துவிட்டது. நட்டைத் திருகித் திருகி கம்பியின் மரை முடிகிற நிலைக்கு வந்திருந்தாலும் அதே கதைதான். சிலர் லிவரைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டி ‘சரியாயிடுச்சு’ என்பார்கள். ஷூ தேய்ந்தது தேய்ந்ததுதான், அதற்குச் சம்மதிக்காதீர்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவும் வேண்டாம். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் 125 சி.சி-க்கு மேற்பட்ட பைக்குகளில் ஏ.பி.எஸ் கட்டாயம். உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்பதால், பிரேக்கின் நிலைதான் உங்களுக்குப் பாதுகாப்பு. 45 கிலோ யூரியா மூட்டையோடு வரும்போது வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். புது பேட் போட்ட முதல் 200 கிலோமீட்டர் வரை, பாரம் ஏற்றாமல் நிதானமாக ஓட்டுங்கள்.

கீச் சத்தம் மாறி, இரும்போடு இரும்பு உரசுகிற கரகர சத்தம் கேட்டால் அதன்பிறகு ஓட்டவே வேண்டாம். பேட்டோடு போகவேண்டிய செலவு, டிஸ்க்கையும் சேர்த்து மாற்றுகிற செலவாகிவிடும். அந்த வண்டியில் பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள்.’’