கோப்பைக்கு வெளியே உள்ள பள்ளத்தாக்கு

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரிலிருந்து காலையில் தனி வண்டியில் புறப்பட்டு, டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கின் இரண்டு மூன்று தோட்டங்களில் ஒயினைச் சுவைத்து, மாலைக்குள் திரும்பும் ஒருநாள் பயணம் இன்று பலரும் விரும்புவது. அங்குப் புகழ்பெற்றது போர்ட் ஒயின். பீப்பாய்கள் கப்பலேறிய துறைமுக நகரே அதற்குப் பெயர் தந்தது. திராட்சை விளையும் மலைச்சரிவுக்கு அப்பெயரில் இடமில்லை.

மலைச்சரிவுக்கோ வேறொரு சொல் உண்டு: மொர்தோரியோ. 19ஆம் நூற்றாண்டில் ஃபைலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தபின், மறுநடவின்றிக் கைவிடப்பட்ட படிக்கட்டுத் தோட்டங்களை அது குறிக்கிறது. சாவைச் சுட்டும் வேரில் பிறந்த சொல். ஏடு ஏடாய்ப் பிளக்கும் பாறையை உடைத்து, சாந்தின்றிக் கல்லடுக்கி அச்சரிவுகளில் சுவர் எழுப்பியோருள் கலீசியாவிலிருந்து வந்த கூலியாள்களும் அடங்குவர்.

2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றதும் இவ்வுழைப்பு உருவாக்கிய நிலத்தோற்றத்தைத்தான். பயணத் திட்டங்களோ அதைக் கோப்பைக்குப் பின்னுள்ள திரைச்சீலையாக்கிவிடுகின்றன.

தனிப் பயணத்தின் மெய்யான வசதி, வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தலாம் என்பதே. ஒரு கோப்பையைக் குறைத்துக்கொண்டு, புதர் மூடிய ஒரு மொர்தோரியோவின் அருகே நிறுத்தச் சொல்பவர், தாம் அருந்தியதன் விலையையும் அறிந்து திரும்புவார்.