வெளிச்சத்துக்கு இன்க்ரிமென்ட் கிடையாது

ரயிலில் எதிர் சீட்டு இளைஞர். மடியில் ஆபீஸ் பை. திடீரென்று கேட்டார்.

"சார், இந்த வண்டி அறுபதுல போகுது. ஹெட்லைட் வெளிச்சம் செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர். அப்ப ரெண்டையும் கூட்டணுமில்ல?"

நியாயமான கேள்வி. வண்டிக்குள் முறுக்கு விற்பவர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் நடந்தால், பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அவர் 64-ல் போகிறார். முறுக்குக்கு உள்ள இந்தச் சலுகை வெளிச்சத்துக்குக் கிடையாது.

"யார் சார் பார்த்தா?"

பார்த்திருக்கிறார்கள். 1964-ல், ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில். ஒளிவேகத்தில் 99.975 சதவிகித வேகத்தில் பறந்த பையான் என்னும் துகள்கள், பறந்தபடியே சிதைந்து காமா கதிர்களை வீசின. காமாவும் ஒருவகை ஒளிதான். கூட்டல் கணக்குப்படி முன்னால் வீசியது ஏறக்குறைய இரட்டை வேகத்தில் வரவேண்டும். அளந்தால் அதே பழைய 3 லட்சம்!

"எங்கேயோ உதைக்குதே சார்?"

உதைப்பது கடிகாரத்தில். பெட்டியின் தரையில் ஒரு கண்ணாடி, கூரையில் ஒரு கண்ணாடி. நடுவே ஓர் ஒளிக்கீற்று மேலும் கீழும் போய் வருகிறது. ஒருமுறை போய் வந்தால் ஒரு 'டிக்'. உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது நேர்க்கோடு. ஒளி மேலே போய்ச் சேருவதற்குள் பெட்டி நகர்ந்துவிடுவதால், பிளாட்பாரத்துக்காரருக்கு அது சாய்கோடு. சாய்கோடு நீளம் அதிகம். வேகத்தைக் கூட்டிக்கொள்ள ஒளிக்கு அனுமதி இல்லை. வேறு வழி? நேரம்தான் கூடுதலாக ஆகவேண்டும். அவர் கணக்கில் உங்கள் கடிகாரம் மெதுவாக நடக்கிறது. ரிப்பேர் இல்லை. காலமே அப்படி.

அறுபதில் இது உறைக்காது. உங்கள் செல்போனுக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் மணிக்குச் சுமார் 14,000 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. அந்த வேகத்தால் மட்டும் அவற்றின் கடிகாரம் தினம் 7 மைக்ரோ செகண்ட் பின்தங்குகிறது. (புவியீர்ப்பு குறைவதால் 45 மைக்ரோ செகண்ட் முந்துவது தனிக்கதை.) ஒரு மைக்ரோ செகண்டில் ஒளி 300 மீட்டர் போய்விடும். சரிக்கட்டாமல் விட்டால் உங்களைப் பக்கத்துத் தெருவில் காட்டும்.

இதையெல்லாம் 1905-ல் சொன்ன ஐன்ஸ்டைன் அப்போது புரொபசர் இல்லை. பெர்ன் நகர பேட்டன்ட் ஆபீசில் மூன்றாம் கிரேடு உத்தியோகம். வயது 26. விடை பிடிபடாமல் தவித்தவர், அதே ஆபீசில் வேலை பார்த்த சிநேகிதர் பெஸ்ஸோவிடம் ஒருநாள் விலாவாரியாகப் பேசினார். மறுநாள், 'தேங்க்ஸ், தீர்ந்துவிட்டது' என்றார். ஐந்தாறு வாரத்தில் கட்டுரை ரெடி. அதில் மேற்கோள் பட்டியல் கிடையாது. முடிவில் பெஸ்ஸோவுக்கு நன்றி மட்டும் உண்டு.

"எங்க ஆபீஸ்ல கிரிக்கெட்தான் சார் பேசுவாங்க" என்றார் இளைஞர், இறங்கத் தயாராகி.

"ஆபீஸ் முழுக்க வேணாம். காது கொடுக்க ஒருத்தர் போதும்" என்றேன்.