வயதின்மேற் போடும் பழி

காரைநகரில் என் வீட்டுக்கு அயலில் ஓர் ஆச்சி வாழ்கிறார், எழுபதைக் கடந்தவர். முதல்நாள் மாலைவரை கிணற்றில் தாமே நீரள்ளி, முற்றங் கூட்டி, கோவிலுக்கும் நடந்து போய் வந்தவர். மறுநாட் காலை அவரால் பாயை விட்டு எழ முடியவில்லை. இரு தோள்களும் பூட்டுப் போட்டாற்போல் இறுகிக் கிடந்தன. தலை வாரக் கை உயரவில்லை. இடுப்பும் தொடையும் கல்லாய்க் கனத்தன. "தம்பி, ஆரோ இரவோடிரவாய் என்னைக் கட்டிப் போட்டுவிட்டாங்கள்" என்றார்.

அன்று தொட்டு அவர் கேட்டது ஒரே தீர்ப்பு. அயலவர் சொன்னார்கள், கடல் கடந்து வாழும் பிள்ளைகள் தொலைபேசியிற் சொன்னார்கள், மருந்து விற்றவரும் சொன்னார்: "வயது போனால் உப்பிடித்தான், ஆச்சி." தீர்ப்போடு ஒரு போத்தல் எண்ணெயும் ஓர் அட்டை பனடோலும் கிடைத்தன. நான்கு மாதங்கள் கழிந்தன.

இந்தத் தீர்ப்பை நான் மறுக்கிறேன். முதுமை படிப்படியாக வருவது. ஒரே இரவில் எவருக்கும் பத்து வயது கூடிவிடுவதில்லை. நேற்று வாளி இழுத்த கை இன்று சீப்பைத் தூக்க மறுத்தால், உடலினுள்ளே ஏதோ புதிதாக நிகழ்ந்திருக்கிறது என்பதே பொருள்.

அப்படி நிகழக்கூடியவற்றுள் ஒன்று பொலிமயால்ஜியா ருமாட்டிகா என்னும் அழற்சி நோய். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரையே, அவர்களிலும் பெண்களையே மிகுதியாக, இது தாக்குகிறது. கழுத்து, தோள், இடுப்பு ஆகியவற்றை, பெரும்பாலும் இருபுறமும் ஒருசேர, சில நாட்களிலேயே இறுக்கிவிடுகிறது. காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேலாகவும் விறைப்பு நீடிக்கும். பொழுது ஏறத் தளரும்.

இந்தக் கடைசி இயல்பே நோயாளிக்குப் பகையாகிறது. காலையில் திரும்பிப் படுக்கவும் இயலாது துடித்தவர் நண்பகலில் மெல்ல நடமாடுகிறார். கண்டவர்கள், "இப்போது நடக்கிறாரே! பிள்ளைகளின் கவனத்தை இழுக்க நடிக்கிறார்" என்கிறார்கள். நோவோடு அவதூறையும் சுமக்கிறாள் கிழவி.

வரலாறு சுவையானது. 1888ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்து வைத்தியர் வில்லியம் புரூஸ் இந்நோயை முதன்முதல் விவரித்தபோது, அதற்கு முதுமைக்குரிய கீல்வாதம் என்று பொருள்படும் பெயரையே இட்டார். நோயைக் கண்டவரும் பெயரிலே வயதைக் கட்டிவிட்டார்! 1957இல் ஸ்ருவார்ட் பார்பர் இன்றைய பெயரை இட்டபோதுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அறிவியலுக்கு அறுபத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன. நம் ஊர் வாய்க்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

இந்நோய் வட ஐரோப்பியரிடையே மிகுதி; ஆசியரிடையே குறைவு. ஆகவே, முதியவரின் நோவெல்லாம் இதுவே என்று நான் சாதிக்கவில்லை. தைரொயிட் சுரப்புக் குறைவாலும், விற்றமின் டி பற்றாக்குறையாலும், கொலஸ்ரரோலுக்காக உட்கொள்ளும் சில மருந்துகளாலும் தசை நோகலாம். ஆனால், இவை ஒவ்வொன்றும் விசாரித்து, சோதித்து, பிரித்தறியக் கூடியவை. குருதியை ஒரு நிமிர்ந்த குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்திற் செங்குழியங்கள் எத்தனை மில்லிமீற்றர் படிகின்றன என்று பார்க்கும் ஈ.எஸ்.ஆர். பரிசோதனை, அழற்சி உண்டா என்பதற்குத் தடயந் தரும். எந்தப் பரிசோதனையும் "வயது" என்று விடை எழுதுவதில்லை.

மருந்தும் அரியதன்று. பிரெட்னிசொலோன், நாளொன்றுக்கு 12.5 முதல் 25 மில்லிகிராம் வரை தொடங்கி, ஓராண்டுக்கு மேலாகவும் சிறிது சிறிதாகக் குறைக்கப்படும். அது எலும்பைத் தேய்க்கும். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எனவே, வைத்தியரின் கண்காணிப்பின்றித் தொடங்குவதும் தவறு; திடீரென நிறுத்துவது ஆபத்து. இந்நோயுள்ளவருக்கு நெற்றிப்பொட்டில் வலியோ, மெல்லும்போது தாடை நோவோ, பார்வை மங்கலோ தோன்றினால் அன்றே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். இரத்தக் குழாய் அழற்சியாற் போன கண் பெரும்பாலும் திரும்புவதில்லை. "வயதுதானே" என்ற சொல் இங்கே குருடாக்கும் சொல்.

மலிவான மருந்தை ஏழையின் கைக்குக் கொண்டுவரப் போராடியவர் நம் நாட்டிலேயே இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலே, வணிகப் பெயர்களின் ஆதிக்கத்தை எதிர்த்து, மருந்தை அதன் பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்வனவு செய்ய வழிவகுத்தார்; 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோதுதான் அவர் பணியின் அருமை பலருக்கு விளங்கியது.

ஆனால், மருந்தும் இலவச வைத்தியமும் இருந்தென்ன? நோவைச் சொல்பவரை நம்பாத சமுதாயத்தில் அவை எட்டாக் கனிகளே. 1991இல் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். திரும்பிவந்த வீடுகள் பலவற்றில் இன்று முதியவரே தனித்திருக்கின்றனர். அவர்களது உழைப்பால் வளர்ந்தோர் உலகெங்கும் சிதறியுள்ளனர். உழைக்கும் வரை மனிதர். ஓய்ந்தபின் "வயது போனவர்". பயன் தராத உடலுக்குச் செலவு எதற்கு என்னும் சந்தைக் கணக்கு, நாவிலே அனுதாபமாக வேடமிட்டு வருகிறது.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் அயலிலுள்ள முதியவரிடம் இருந்து கேளுங்கள். நோ எப்போது தொடங்கியது? காலையில் எத்தனை நிமிடம் விறைப்பு? இருபுறமுமா? எழுதிக்கொண்டு உடன் செல்லுங்கள். அதற்கப்பால், குருதியை ஊரிலேயே எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் ஒழுங்கைத் தீவுப்பகுதி எங்கும் கோருங்கள். ஆச்சியோ, விறைத்த தோளுடன் காலை பேருந்தில் ஏறி, பொன்னாலைத் தாம்போதியைக் கடந்து பட்டணம் போகவேண்டியிருந்தது. குருதி கடக்கட்டும், ஆச்சி ஏன் கடக்கவேண்டும்?

அங்கே ஓர் இளம் வைத்தியர் அவரை நம்பினார். நோய் தெரிந்தது. மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாட் காலை ஆச்சி தாமே தலை வாரிக்கொண்டார்.

மூன்றே நாளில் மருந்து செய்ய இருந்த வேலையை, ஒரு சொல் நான்கு மாதம் மறித்து வைத்திருந்தது. அந்தச் சொல்லை இனி நாம் சொல்லாதிருப்போம், சொல்பவரையும் விடாதிருப்போம்.