ஒரு காதுதானே என்று இருந்துவிடலாமா?



"மற்றக் காது கேட்குதுதானே" என்று சொல்லிக்கொண்டு பல பெண்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஆனால், ஒரு காது மந்தமானால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டுக்கட்டுவது கடினம். கண்டி வீதியைக் கடக்கையில் இது உயிராபத்தாகலாம். சந்தை இரைச்சலில் பேச்சும் விளங்காது.

இதற்குக் காரணங்கள் பல. 2000ஆம் ஆண்டு தென்மராட்சிச் சண்டையிலும், 2009 மே வரை வன்னியிலும் ஷெல் வெடிப்புகளுக்கு அருகே இருந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். வெடிப்பின் பக்கம் இருந்த காதே கூடுதலாகத் தாக்கப்படும். கிழிந்த செவிப்பறையின் சிறு துவாரம் பெரும்பாலும் சில மாதங்களில் தானாக மூடும். மூடாததைச் சத்திரசிகிச்சையால் அடைக்கலாம். உட்காதின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தாலோ மீண்டும் முளைப்பதில்லை.

கூகைக்கட்டும் பிள்ளைகளின் ஒரு காதைச் செவிடாக்கக்கூடும். அதற்கெதிரான எம்.எம்.ஆர். தடுப்பூசி 2011 முதல் அரச திட்டத்தில் உண்டு. நாட்பட்ட சீழ், குறும்பி அடைப்பு, அரிதாகச் செவி நரம்புக் கட்டி என்பனவும் காரணமாகலாம்.

வெளியில் சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு. அதுதான் கன்னத்தில் விழும் அறை. எதிரே நின்று வலக்கையால் அறைந்தால் அடி இடது காதில் விழும். உள்ளங்கை காதைப் பொத்தி விழுகையில் அடைபட்ட காற்று செவிப்பறையைக் கிழித்துவிடும். "கதவில் அடிபட்டது" என்று மறைக்காமல் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு அது தேவை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கோரினால், வைத்தியப் பதிவு உங்களுக்குச் சான்றாக உதவும்.

ஒரு காது திடீரெனக் கேட்காமற் போனால் "தடிமன், மாறிவிடும்" என்று காத்திராதீர்கள். உட்காது பாதிக்கப்பட்டிருந்தால் முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கும் சிகிச்சையே கூடிய பலன் தரும். எண்ணெய் விடுவதும், கொண்டையூசியால் கிண்டுவதும் வேண்டாம். சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்குச் சென்று காட்டுங்கள். தேவையானால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

பிள்ளைக்கு ஒரு காது மந்தமென்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் இருத்தினால் படிப்புக்கு உதவும்.

இன்றே ஒருமுறை தொலைபேசியை இரு காதிலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் குறைவாகக் கேட்டால் இந்தக் கிழமையே வைத்தியரிடம் காட்டுங்கள்.