கொல்லையில் ஒரு நீச்சல்குளம்



சென்னைப் புறநகரில் வசிக்கும் சகோதரர் ஒருவர், தம் வீட்டுக் கொல்லையில் நீச்சல்குளம் அமைக்கும் பணியை ஜெபித்துத் தொடங்கிவைக்கும்படி என்னை அழைத்தார். பிள்ளைகள் கோடையில் நீந்தி மகிழவேண்டும் என்பது தகப்பனுக்குரிய ஆசைதான். அதை ஆடம்பரம் என்று கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஆனாலும் உடனே சம்மதிக்க இயலவில்லை.

எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரிகள் நான்கு. வெயிலில் ஆவியாகும் நீரை நாள்தோறும் ஆழ்துளைக் கிணறு ஈடுசெய்ய வேண்டும். நிலத்தடி நீருக்கு மதிற்சுவர் இல்லை. அண்டை வீட்டாரும் அதே ஊற்றை நம்பியிருக்கிறார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது குடங்களோடு தெருவில் காத்து நின்றதை மறந்துவிட்டோமா?

பெத்லகேமின் கிணற்று நீருக்குத் தாவீது ஏங்கினான். மூவர் உயிரைப் பணயம்வைத்து அதைக் கொண்டுவந்தபோதோ, குடிக்க மனதில்லாமல் கர்த்தருக்கு முன்பாகத் தரையில் ஊற்றினான். தாகம் குற்றமன்று. ஆயினும் அந்தத் தண்ணீருக்காகப் பிறர் கொடுக்கத் துணிந்த விலை அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆகவே சகோதரரிடம் சொன்னேன்: "முதலில் கூரையில் விழும் மழைநீர் நிலத்தில் இறங்க வழிசெய்யுங்கள். ஒரு கோடை முழுவதும் தெருவின் கிணறுகள் வற்றாதிருக்கட்டும். பிறகு குளத்தைப் பற்றிப் பேசுவோம்."

அவர் முகம் வாடியது. இன்னும் முடிவெடுக்கவில்லை, அவருக்காக ஜெபிக்கிறேன். நம் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது, அடுத்த வீட்டாரையும் நினைக்கும் இருதயத்தைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.