அட்டாலியில் கிடக்கும் லேப்டாப்பும், பாக்கெட்டில் அடங்கும் கம்ப்யூட்டரும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருவர் சோமனூரிலிருந்து வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் அவர் பிளஸ் டூ படித்த 2014ல் அரசு கொடுத்த இலவச லேப்டாப். கூடவே பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கும் அவருடைய சித்தி பையன்.

"ஏனுங்க சார், இத பொழைக்க வெக்க முடியுங்களா? அட்டாலில கெடந்துச்சு. ஒருக்கா கீழ விழுந்ததுல ஹார்ட் டிஸ்க் போயிருச்சுன்னு கடைல சொல்லிட்டாங்க. புதுசு வாங்குன்னா, இப்ப தறி ஓடற ஓட்டத்துல எங்கீங்க சார் வாங்கறது?"

விசைத்தறிக் குடும்பம். கூலிக்கு நெசவு. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வெளியே வைத்தேன். என்னிடம் இருந்த 32 ஜிபி பென்டிரைவைச் செருகி, மெஷினை ஆன் செய்து, பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். அதில் எம்எக்ஸ் லினக்ஸ் ஏற்றி வைத்திருந்தேன். இரண்டு நிமிடம் ஆனது. திரை வந்தது. வைஃபை பிடித்தது. வெறும் 2 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஆனாலும் லிபர் ஆபீஸ் திறந்தது, பைத்தான் ஓடியது, தமிழ்99 விசைப்பலகையும் வேலை செய்தது.

பையன் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தான். வால்பேப்பரை மாற்றினான். தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்.

"சார், ஆஃப் பண்ணிட்டு நாளைக்குத் தெறந்தாலும் இதெல்லாம் இப்படியே இருக்குங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம ஸ்கூல் லேப்ல இருக்காதுங்களே சார். என்ற தறிக்கூலிக் கணக்கு புரோகிராம் அழிஞ்சது ஞாபகம் இருக்குங்களா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஞாபகம் இல்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் வந்தது.

நான் கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால் லேப் பொறுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். வைரஸ் தொல்லை தாங்காமல், ஒவ்வொரு முறை ஆஃப் செய்யும்போதும் மெஷினைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும் ஒரு மென்பொருளை எல்லா மெஷினிலும் போட்டிருந்தேன். எனக்கு நிம்மதி. ஆனால் அந்தப் பெண், அப்பாவின் தறிக்கூலியை மீட்டர் கணக்கில் போடும் ஒரு சி பிளஸ் பிளஸ் புரோகிராமை மதிய இடைவேளையில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியிருக்கிறார். மெஷினை ஆஃப் செய்யாதவரை அது இருந்தது. ஒருநாள் கரண்ட் போனது. போனது போனதுதான். "நோட்டுல எழுதி வெச்சிருக்கணும் கண்ணு" என்று நான் சொன்னேனாம். வீட்டில் அவருக்கு அப்போது கம்ப்யூட்டர் இல்லை. லேப்டாப்பும் அதுவரை கைக்கு வரவில்லை.

என் வேலை மெஷினைக் காப்பாற்றுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

என் கருத்து இதுதான்: ஒரு மாணவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டியது மெஷின் அல்ல. அவருடைய வேலை, அவருடைய அமைப்புகள், அவர் விட்ட இடம். அது பென்டிரைவில் அடங்கிவிடுகிறது. அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், சேமித்த அமைப்புகளோடு லினக்ஸ் ஓடும் ஒரு பென்டிரைவைப் பிளஸ் ஒன் முதல் நாளே கொடுக்க வேண்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கு எளிமையாகச் சொல்கிறேன். புவியியல் வகுப்பில் அட்லஸ் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து வரைவோம் இல்லையா? அட்லஸில் ஒரு கோடு கூட விழாது. நாம் வரைந்தது மேலே இருக்கும் தாளில் நிற்கும். இதுவும் அப்படித்தான். பென்டிரைவில் லினக்ஸின் மூலப் பிரதி சுருக்கப்பட்டு, யாரும் மாற்ற முடியாதபடி இருக்கும். அதன் மேல் எழுதக்கூடிய ஓர் அடுக்கு. நீங்கள் மாற்றும் வால்பேப்பர், வைஃபை கடவுச்சொல், ஏற்றிய மென்பொருள், எழுதிய ஃபைல் எல்லாம் அந்த மேலடுக்கில் பதியும். அடுத்த முறை திறக்கும்போது இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டும். மேலடுக்கு இல்லாமல் ஓட்டினால், ஆஃப் செய்ததும் எல்லாம் மறைந்துவிடும், நான் லேபில் செய்து வைத்திருந்தது போல. மேலடுக்கைச் சேர்ப்பதைத்தான் பெர்சிஸ்டன்ஸ் என்கிறார்கள்.

புதிய சமாச்சாரமும் இல்லை. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டிலேயே நாபிக்ஸ் என்று ஒரே சிடியில் முழு லினக்ஸையும் ஓட்டிக் காட்டினார். ஆஸ்திரேலியாவின் பேரி கவ்லர் 2003ல் தொடங்கிய பப்பி லினக்ஸ், முதல் முறை ஆஃப் செய்யும்போதே "சேமிக்கட்டுமா?" என்று கேட்கும். உபுண்டு சிடியைக் காசு வாங்காமல் உலகம் முழுக்கத் தபாலில் அனுப்பினார்கள், 2011 வரை. எனக்கும் வந்தது. வெளிநாட்டுத் தபால் என்று தபால்காரர் பயபக்தியோடு கையெழுத்து வாங்கினார்! 2009ல் சுகர் லேப்ஸ் என்ற அமைப்பு இதே யோசனையைக் குழந்தைகளுக்காகவே செய்தது. மெஷின் எதுவானாலும் சரி, குழந்தை தன் பாடத்தைக் குச்சியில் கொண்டுபோகட்டும் என்றார்கள்.

நம் மாநிலத்துக்கும் லினக்ஸ் அந்நியமில்லை. சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே அரசு அலுவலகங்களை லினக்ஸ் பக்கம் திருப்பப் பாடுபட்டார். மேல்நிலைப் பாடநூலில் ஸ்டார் ஆபீஸ் வைத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007ல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, தொடக்கத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. எனக்குத் தெரிந்த வீடுகளில் பாதிப் பேர் அந்த லினக்ஸைத் திறந்தே பார்க்கவில்லை. கடைக்காரரிடம் கொடுத்து, "அத அழிச்சுட்டு எடத்த இதுக்கே குடுத்துருங்க" என்றார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். சொல்லிக் கொடுக்க நாங்கள் உட்காரவில்லை.

வாளையாறு தாண்டினால் கேரளம். அங்கே கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே தனிப் பதிப்பு தயாரிக்கிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு மலைக் கணவாய்தான்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும். பழைய மெஷின்கள் பலவற்றில் அது இல்லை. கோவையிலும் திருப்பூரிலும் நன்றாக ஓடும் மெஷின்களை அலுவலகங்கள் கழித்துக்கட்டும் காலம் இது. பழைய இரும்புக் கடைக்குப் போவதில் ஒரு பங்கு பள்ளிக்கு வந்தால் போதும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டே கொடுங்கள். உங்கள் கணக்குவழக்கு உங்களிடமே இருக்கும். பிள்ளை தன் பென்டிரைவைச் செருகி ஓட்டிக்கொள்ளும்.

மறுப்பு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

"கையில் செல்போன் இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கிறது. பார்ப்பதற்கு அது போதும். ஐம்பது வரி புரோகிராம் எழுதவும், பத்துப் பக்கக் கட்டுரை தட்டவும் விசைப்பலகையும் பெரிய திரையும் வேண்டும்.

"வேலைக்குப் போனால் டேலிதானே கேட்பார்கள்" என்கிறார்கள். உண்மை. டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. திருப்பூர் கம்பெனிக் கணக்குப் பிரிவுக்குப் போகும் பிள்ளை அதைத் தனியாகப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பைத்தான், விரிதாள், இணையம், தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றுக்கு விண்டோஸ் கட்டாயமில்லை. இன்றைய பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடமே பைத்தான்தான்.

"லேபில் பென்டிரைவிலிருந்து பூட் செய்ய விடுவது ஆபத்து" என்று லேப் பொறுப்பாசிரியர்கள் சொல்வார்கள். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன். பென்டிரைவில் ஓடும் லினக்ஸ், மெஷினின் ஹார்ட் டிஸ்க்கையும் திறந்து பார்க்க முடியும். அதனால் எமிஸ் பதிவும் மதிப்பெண் பட்டியலும் இருக்கும் அலுவலக மெஷினில் இதற்கு அனுமதி கூடாது. மாணவர் மெஷின்களில் காப்பாற்ற வேண்டிய ரகசியம் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டையும் பிரித்து வைத்தால் பயம் தீர்ந்தது.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பென்டிரைவ் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு வேகமாக இருக்காது. ஓயாமல் எழுதி எழுதி அழித்தால் தேய்ந்தும் போகும். சரியாக ஷட்டவுன் செய்யாமல் பிடுங்கினால் மேலடுக்கு கெட்டுப்போகலாம். கண்ணில் படும் அப்டேட் எல்லாம் போட்டால் மேலடுக்கு நிரம்பிவிடும். அட்லஸ் அப்படியே இருக்க, டிரேசிங் பேப்பர் மட்டும் தடித்துக்கொண்டே போகும். தொலைந்தால், எடுத்தவர் கையில் உங்கள் ஃபைல் எல்லாம் சிக்கும். அதனால் சேமிப்புப் பகுதியைக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதியோடு அமைக்க வேண்டும். வாரம் ஒருமுறை முக்கிய ஃபைல்களை வேறொரு பென்டிரைவில் நகல் எடுக்க வேண்டும். பள்ளியிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

வீட்டில் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு: விண்டோஸில் ரூஃபஸ் என்ற இலவசக் கருவியில் உபுண்டு பதிப்பைத் தேர்ந்தெடுத்தால், சேமிப்புக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று கேட்கும். 32 ஜிபி பென்டிரைவில் தாராளமாக ஒதுக்கலாம். மெஷினில் ராம் குறைவாக இருந்தால் எம்எக்ஸ் அல்லது பப்பி நல்லது. எந்த முறையானாலும் பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். கல்யாண ஃபோட்டோ இருந்தால் முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

நான் வாங்கிய பென்டிரைவ் 400 ரூபாய்க்குள்தான் ஆனது. கோயில் கும்பாபிஷேகத்துக்கும் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கும் நம் ஊர்க்காரர்கள் கொடுக்கத் தயங்கியதே இல்லை. முன்னாள் மாணவர் சங்கங்கள் ஒரு வகுப்புக்கு வாங்கிக் கொடுத்தால் கூடப் போதும். அரசு பின்னால் வரட்டும். அமைத்துத் தர, சொல்லிக் கொடுக்க என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம். எங்களுக்கும் காலை வாக்கிங் முடிந்தால் வேறு வேலை இல்லை.

அந்தப் பையனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? எதுவும் சொல்லவில்லை. "நீயே ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் போட்டுப் பாரு சாமி" என்றேன். செய்தான். அவன் வைத்த வால்பேப்பர் வந்தது. அவன் பெயரில் இருந்த ஃபோல்டரும் வந்தது.

அவன் அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு இது இருந்திருந்தா நல்லா இருந்திருக்குங்க சார்" என்றார்.

ஆமாம் கண்ணு. இருந்திருக்கலாம். அன்றைக்கும் இது இருந்தது. எனக்குத்தான் தோன்றவில்லை.

லேப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்கள் யாராவது உங்கள் நட்பு வட்டத்தில் இருந்தால், இந்தப் பதிவை அவர்கள் கண்ணில் படும்படி பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். கணக்கு வாத்தியார் தப்பைத் திருத்திக்கொள்ளத் தயங்கமாட்டான்.